பத்தியம் இருந்த கத்தரிச்செடிகள்

கிருஷ்ணநகரில் எங்கள் தெருவுக்கு வந்து ரமாரஞ்சன் சர்க்கேல் வீடு எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘கத்தரிக்காய் ஐயா வீடு’ என்று கேளுங்கள், தெருநாய்கூட எழுந்து வந்து வழிகாட்டும். அவர் என் தீதியின், அதாவது அக்காவின், கணவர்; நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்னமும் கை பரபரக்கிறது. அந்த மனிதர் என்னைவிட வயதில் மூத்தவராக மட்டும் இல்லாதிருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன்.

கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். இலையையும் தண்டையும் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்து மாணவர்களிடம் கொடுப்பது வேலை. வேலை செய்த காலம் முழுக்க வாயில்லாப் பூச்சி. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வெளிக்கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘சர்க்கேல் ஹோமியோ தாவர ஆராய்ச்சி நிலையம்’. நிலையம் என்பது கொல்லைப்புறத்துக் கத்தரிப் பாத்தி. ஆராய்ச்சியாளர் அவர். ஊழியர் என் தீதி சுப்ரபா. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

எங்கள் ஊரில் ஹோமியோபதிப் பெட்டி இல்லாத வீடு அபூர்வம். ஓய்வு பெற்ற ஆண்களில் பாதிப் பேர் வெள்ளை உருண்டை கொடுப்பார்கள், மீதிப் பேர் வாங்கிச் சாப்பிடுவார்கள். நான் மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கு நர்ஸ். எனக்கே ஜலதோஷம் வந்தால் பக்கத்து வீட்டு மொண்டல் தாத்தா ஜன்னல் வழியாக நாலு உருண்டை போடுவார், நானும் நாக்கை நீட்டுவேன். அதனால் ஜாமாய்பாபு (அக்கா கணவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வெண்டைக்கும் கத்தரிக்கும் உருண்டை கரைத்து ஊற்றியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர் வீட்டோடு இருக்கிறார், சீட்டாடப் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் தீதிக்கு உடம்பு கெட்டது. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. முகம் வெளுத்து, உதடு வெளுத்து, நகம்கூட வெளுத்துவிட்டது. மாடியில் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான்தான் அவளை வற்புறுத்தி எங்கள் டாக்டர் மந்திரா ஹேம்ப்ரமிடம் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் கட்டி.

“கருப்பையை எடுத்துடறதுதான் நல்லது,” என்றார் டாக்டர். “கான்சர் இல்ல, பயப்படாதீங்க. ஆனா தள்ளிப்போடாதீங்க. உடம்புல இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு.”

தீதி உடனே சரி என்றாள். சொல்லிவிட்டு வழியில் சர்புரியா இனிப்பு வாங்கிச் சாப்பிட்டாள். தொல்லை தொலையப் போகிறது என்ற சந்தோஷம் அவளுக்கு. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜாமாய்பாபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“பூஜை முடியட்டும்,” என்றார்.

துர்கா பூஜைக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் எதையும் செய்யமாட்டோம். கடன் கேட்டாலும், கல்யாணம் பேசினாலும், கூரை ஒழுகினாலும் பதில் இதுதான். டாக்டரும் எங்கள் ஊரிலேயே இருந்து பழகிவிட்டவர், காளி பூஜை முடிந்த வாரத்தில் ஒரு தேதி கொடுத்தார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் டீயும் பொரியுமாக உட்கார்ந்திருந்தோம். ஜாமாய்பாபு கொல்லையிலிருந்து ஒரு கத்தரிச்செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து பொரித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வேர் முழுக்கப் பட்டாணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. மண் பொரியில் உதிர்ந்தது.

“இது என்ன சொல்லு டுனி?” என்றார். டுனி நான்தான். ஆஸ்பத்திரியில் இலா சிஸ்டர், வீட்டில் டுனி.

“பொரி பாழாப் போச்சு. அதுதான் இது.”

“கட்டி! வேர்ல கட்டி. உங்க தீதிக்குக் கட்டி, கத்தரிக்கும் கட்டி.”

“ஜாமாய்பாபு, அது மண்ணுல இருக்கற புழு பண்ற வேலைன்னு நீங்கதான் போன வருஷம் சொன்னீங்க.”

“யார் பண்ணா என்ன? கட்டின்னா கட்டிதான். நான் சொல்றதக் கேளு. மனுஷனுக்கு மருந்து கொடுத்தா, குணமாயிடுச்சுன்னு அவனே நினைச்சுக்குவான். பாதி நினைப்புலயே எழுந்து உட்காந்துடுவான். அதனால இங்கிலீஷ் டாக்டருங்க ஹோமியோபதிய நம்பறதில்ல. கத்தரிச்செடிக்கு நினைப்பு உண்டா? கிடையாது. அத ஏமாத்த முடியாது. அதுக்குக் குணமானா அது மருந்தோட வேலைதான்!”

“சரி, தீதியோட கருப்பைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“கருப்பைக்கும் நினைப்பு கிடையாதே!” என்றார் மனிதர், உலகத்தையே ஜெயித்த முகத்தோடு.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தீதி பொரியிலிருந்து மண்ணைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவர் ஒப்பந்தத்தைச் சொன்னார். பாத்தியில் இரண்டு வரிசைக் கத்தரி. கிணற்றோரம் இருக்கிற வரிசைக்குத் தூஜா என்ற ஹோமியோபதி மருந்து கலந்த தண்ணீர். வேலியோரம் இருக்கிற வரிசைக்கு வெறும் தண்ணீர். தீதிக்கும் அதே தூஜா. நவம்பர் கடைசியில் மருந்து வரிசையின் வேரைத் தோண்டிப் பார்ப்பது. “கட்டி கரைஞ்சிருந்தா ஆபரேஷன் வேணாம். கரையலன்னா நானே உன்னக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்கறேன் பிரபா. இது என் வாக்கு.”

“நவம்பர் கடைசியா? தேதி அதுக்கு முன்னாடியே வருதே!” என்று நான் கத்தினேன்.

“ஆராய்ச்சிக்குப் பொறுமை வேணும் டுனி.”

“ரத்தம் போறது அவளுக்கு, பொறுமை உங்களுக்கா?”

தீதி என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்கு என்னுடைய கத்தலும் பிடிக்காது, அவருடைய ஆராய்ச்சியும் பிடிக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது வருஷமாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தினமும் விடிந்ததும் ‘டொக் டொக்’ என்று சத்தம். மருந்துக்குப் பலம் ஏறப் புட்டியைத் தடித்த புத்தகத்தின்மேல் அடிக்க வேண்டுமாம். வீட்டில் இருந்த ஒரே தடித்த புத்தகம் பஞ்சாங்கம். அடித்த அடியில் அட்டை பிய்ந்து, லட்சுமி பூஜை எந்த நாள் என்றே தெரியாமல் போய், மொண்டல் தாத்தா வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தியம்தான் தாங்க முடியவில்லை. ஹோமியோபதி மருந்து சாப்பிட்டால் வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, கற்பூரம் கூடாது, காட்டமான வாசனை எதுவுமே கூடாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த மனிதர் அந்தப் பத்தியம் முழுவதையும் கத்தரிச்செடிக்கு வைத்தார். சமையலறை ஜன்னல் பாத்தியைப் பார்த்து இருப்பதால் வீட்டில் பூண்டு வதக்கத் தடை. கம்பளி வைத்த டிரங்குப் பெட்டியிலிருந்து பாச்சை உருண்டைகள் வெளியேற்றப்பட்டன, பாச்சைகள் உள்ளே போயின. நான் புதினா வாசனைப் பற்பசையால் பல் விளக்கிவிட்டுக் கிணற்றடியில் கொப்பளித்தேன் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மொண்டல் தாத்தா மார்புச் சளிக்குக் கற்பூரத் தைலம் தேய்த்துக்கொண்டு ஜன்னலில் நின்றார்.

“பெரியவரே, கொஞ்சம் உள்ள போய் நில்லுங்க. செடிங்க சிகிச்சையில இருக்கு,” என்றார் ஜாமாய்பாபு.

“நானும் சிகிச்சையிலதாம்பா இருக்கேன்!” என்றார் தாத்தா, இருமிக்கொண்டே.

பூஜை வந்தது. பந்தல் எங்கள் வீட்டுக்கு எதிரில். ஜாமாய்பாபு நேராகப் பூஜைச் சங்கத்துக்குப் போய் அதன் தலைவனாக இருந்த பையனிடம், “ஆரத்திக்குக் கற்பூரம் வேணாம்,” என்றார்.

“என்ன சொல்றீங்க ரமா சித்தப்பா? துர்கா அம்மாவுக்குக் கற்பூரம் காட்டாம எப்படி?”

“காட்டுப்பா, வேணாங்கல. அந்தப் பக்கமாத் திரும்பிக் காட்டு.”

பையன்கள் நல்லவர்கள். ஒரு பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்துப் புகையை எதிர்த்திசையில் ஊதிவிட்டார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இருமி இருமித் தாளம் தப்பியது. அந்த வருஷம் எங்கள் பந்தலுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பாதித் தெரு ஜாமாய்பாபுவைச் சபித்தது, மீதித் தெரு கத்தரிக்காய் எப்போது கிடைக்கும் என்று கேட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கடுமையான தடை மீன் கழுவின தண்ணீருக்குத்தான். மீன் கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்ட எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை வராது. மிளகாய்க்கு ஒரு வாளி, எலுமிச்சைக்கு ஒரு வாளி என்று பிறந்த வீட்டிலேயே பழகியது. ஜாமாய்பாபு பாத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட்டார். “இந்தக் கோட்டுக்குள்ள ஒரு செதில் விழுந்தாலும் மருந்து செத்துச்சு. அவ்வளவு மெல்லிசான மருந்து இது,” என்று தீதியிடம் விரலை ஆட்டிச் சொன்னார்.

அதுதான் அவர் செய்த தப்பு.

தீதிக்கு வேண்டியது ஆபரேஷன். கத்தரிக்குக் குணமாகாமல் போனால்தான் ஆபரேஷன். மருந்தைக் கொல்ல மீன்தண்ணீர் போதும் என்று வைத்தியரே வாயால் சொல்லிவிட்டார். அவர் மத்தியானம் தூங்கும்போது என் தீதி, வாழ்நாளில் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லாதவள், ரோகு மீன் கழுவின தண்ணீரை வாளியோடு கொண்டுபோய்க் கிணற்றோர வரிசைக்கு ஊற்றினாள். அடுத்த நாளும் ஊற்றினாள். கெண்டை வாங்கினால் கெண்டை, இறால் வாங்கினால் இறால். வேலியோர வரிசையைத் தொடவில்லை. இது எனக்கே பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், விஷயத்தை மனசுக்குள் வைத்துப் பூட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மீன்தண்ணீரைவிடச் சிறந்த உரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கிணற்றோர வரிசை மளமளவென்று வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். காய்கள் கருநீலத்தில் பளபளவென்று தொங்கின. வேலியோர வரிசை பாவம், பட்டினிக் குழந்தைபோல் நின்றது.

ஜாமாய்பாபுவைப் பிடிக்க முடியவில்லை. காளி பூஜைக்கு வந்தவர்கள், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர், பால்காரர், ஒருவரையும் விடவில்லை. கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். “இது தூஜா. அது தண்ணி. உங்க கண்ணால பாருங்க. செடிக்கு நினைப்பு உண்டா? கிடையாது!” தெரு முழுக்கக் கத்தரிக்காய் விநியோகம். ஒவ்வொரு வீட்டிலும் கத்தரி வறுவல். தீதி மட்டும் வறுக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தேன்.

ஆபரேஷன் தேதிக்கு முதல் நாள் அவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் டாக்டரின் மேஜைமேல் பையைக் கவிழ்த்துவிட்டார்.

“மேடம், இது தூஜா கத்தரி.”

டாக்டர் மந்திரா ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். பாங்குரா பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. “நல்லா இருக்கு. கிலோ என்ன விலை?”

“விலையா! மேடம், இது ஆராய்ச்சி. சுப்ரபா பேர நாளைக்கு லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. அவளுக்குத் தேவைப்படாது.”

“வேரத் தோண்டிப் பாத்தீங்களா?”

“இவ்வளவு அழகான செடியப் பிடுங்க மனசு வரல. முகத்தப் பாத்தாலே தெரியுது, கட்டி கரைஞ்சுடுச்சு.”

“கத்தரிச்செடிக்கு முகம் எங்க சார் இருக்கு?”

“இலைதான் மேடம் முகம்.”

“சரி,” என்றார் டாக்டர். “உங்க வீட்டம்மா முகத்தப் பாத்தீங்களா?”

ஜாமாய்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவளும் தூஜாதான் சாப்பிடறா,” என்று மட்டும் முணுமுணுத்தார்.

“நாளைக்கு இடத்த வேற ஒருத்தருக்குக் கொடுக்கறேன். வலி அதிகமானாலோ மயக்கம் வந்தாலோ நேரம் காலம் பாக்காம வந்து சேருங்க. கத்தரிக்காய வச்சுட்டுப் போங்க.”

நான் அந்த மத்தியானமே அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரி வறுவல், கத்தரி கூட்டு, கத்தரி போட்ட மீன் குழம்பு. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். “தீதி, உன் பேர எடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கார் உன் புருஷன்! நாளைக்கு ஆபரேஷன் கிடையாது! நல்லா இன்னொரு கரண்டி கத்தரி போடு!”

தீதி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் போய்விட்டது.

“ஏங்க, அந்த வரிசை செழிச்சது தூஜாவால இல்ல.”

“பின்ன?”

“ரோகுவால.”

சொல்லிவிட்டாள். வாளி, மத்தியானத் தூக்கம், கெண்டை, இறால், எல்லாம். “மருந்து செத்துப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க. செடி வாடிப் போனா எனக்கு ஆபரேஷன் ஆயிடும்னு நினைச்சேன். சனியன், மரம் மாதிரி வளந்துடுச்சு,” என்று சொல்லி அழுதாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது.

ஜாமாய்பாபு எழுந்தார். எச்சில் கையோடு கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய செடியைத் தோண்டினார். நாங்கள் வாசற்படியில் நின்று பார்த்தோம். வேர் வெளியே வந்தது. மேலே அத்தனை பச்சை, கீழே முடிச்சுகள் கோலிக்குண்டு அளவுக்குப் பெருத்திருந்தன.

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா, மனிதருக்குப் புத்தி வந்தது என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது!

“பாத்தியா டுனி? பத்தியம் உடைஞ்சதாலதான் கட்டி கரையல! அப்ப, பத்தியம் சரியா இருந்தா கரைஞ்சிருக்கும்! சோதனை கெட்டுப் போச்சே தவிர, மருந்து தோக்கல. புதுசா நாத்து போடுவோம். மாசியில தெரிஞ்சுடும்.”

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் பழகிய வார்த்தைகள். தீதி என்னைக் கையமர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“போடுங்க. நாத்து சந்தையில கிடைக்கும். செத்தா இன்னொண்ணு நடலாம். நான் செத்தா?”

“வாயக் கழுவு! என்ன பேச்சு இது!”

“நீங்க உங்க செடியப் பாத்துக்கங்க. நான் போறேன்,” என்றாள் தீதி.

உள்ளே போய் இரண்டு சேலை, சீப்பு, குங்குமச் சிமிழ், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நிற்கவில்லை. தெருமுனையில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா கிடைத்தது. நாங்கள் முன் இருக்கையில் ஏறினோம். வண்டி கிளம்பும்போது ஜாமாய்பாபு ஓடிவந்து பின்புறம் பார்த்திருக்கும் இருக்கையில் தொற்றிக்கொண்டார். வழி முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் அவரை நிறுத்தினார்.

“கையில என்ன ஐயா?”

கொத்துக் கரண்டி. மண்ணோடு, கத்தரி வேரோடு. எச்சில் சோறும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “ஆயுதத்தோட உள்ள விடமாட்டேன்,” என்றார் காவல்காரர். ஜாமாய்பாபு கரண்டியை அவரிடமே கொடுத்துவிட்டுத் தீதியின் பையை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் தீதியைச் சேர்த்துக்கொண்டார். முதலில் ரத்தம் ஏற்றினோம். ரத்தப் பை தொங்குவதைப் பார்த்தால் ஜாமாய்பாபு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், அப்படியே சுவரைப் பார்த்துத் தீதியிடம் பேசுவார். “பிரபா, தண்ணி வேணுமா?” என்று சுண்ணாம்பிடம் கேட்பார். பக்கத்துக் கட்டில்காரிகள் இவருக்குக் கண் தெரியாது என்று முடிவு செய்து வழியில் இருந்த வாளிகளை நகர்த்தி வைத்தார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன். சுமங்கலி அடையாளமான தீதியின் சங்கு வளையலைக் கழற்றச் சொன்னால் அபசகுனம் என்று அழுவாள் என்று தெரியும், அதனால் நானே வளையல்மேல் துணிக்கட்டுப் போட்டு மூடினேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஜாமாய்பாபு டாக்டரின் பின்னாலேயே நடந்தார்.

“மேடம், சின்ன வேர்கூட விடாம எடுத்துடுவீங்க இல்ல? மிச்சம் இருந்தா மறுபடி தளிர்க்கும்.”

“சார், இது பாத்தி இல்ல. நீங்க வெளியில உட்காருங்க.”

நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைத் தட்டில் வைத்து வீட்டாரிடம் காட்டுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். இல்லாவிட்டால் ‘ஒண்ணையும் எடுக்காம வெறுமனே தைச்சு அனுப்பிட்டாங்க’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். வழக்கமாக ஆயா கொண்டுபோவாள். அன்றைக்கு நான் வாங்கிக்கொண்டேன். பார்க்கட்டும் இந்த மனிதர் என்ற கோபம் எனக்கு. நேராக எதிரில் போய் நின்று பச்சைத் துணியை விலக்கினேன். பெரிய சீத்தாப்பழம் அளவுக்கு இருந்தது, முண்டும் முடிச்சுமாக.

ஜாமாய்பாபு எழுந்து நின்றார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இதையா அவ வயித்துல வச்சுக்கிட்டுத் தண்ணி சுமந்தா?” என்றார். அப்படியே சரிந்தார். பெஞ்சின் முனையில் நெற்றி மோதி, தரையெல்லாம் ரத்தம்.

இந்த ஆள் எப்படித் தாவரவியலுக்கு வந்தார் என்பதைத் தீதி எனக்குப் பிறகு சொன்னாள். கல்லூரியில் முதலில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். முதல் நாள் தவளையை அறுக்கும்போது தடாலென்று விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். அது தாவரவியல். கண் விழித்துப் பார்த்தவர் அங்கேயே இருந்துவிட்டார்.

நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. ஊசியைப் பார்த்ததும் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார்.

“மரத்துப்போற ஊசி போட்டீங்களா? நல்லாப் போட்டீங்களா? இன்னொண்ணு போடுங்க!”

“உருண்டை தரட்டுமா ஜாமாய்பாபு? தூஜா இருக்கு,” என்றேன்.

“டுனி, இது விளையாடற நேரமா!” என்று அலறினார். அலறியதில் எனக்கிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

சாயங்காலம் தீதிக்கு மயக்கம் தெளிந்தது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில், தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு, ஒரு கண் வீங்கிப்போய் ஜாமாய்பாபு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தீதி ரொம்ப நேரம் குழம்பினாள்.

“ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?”

“உனக்குத்தான். எனக்குத் தையல் மட்டும். கட்டிய எடுத்துட்டாங்க பிரபா. நான் பாத்தேன்.”

“நீங்களா பாத்தீங்க?”

“பாத்தேன். பாத்துட்டு விழுந்துட்டேன்.”

தீதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கிறது, வலித்தால் ‘ஐயோ’ என்கிறாள், மறுபடி அவர் தலைக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஜாமாய்பாபு சிரிக்கவில்லை. வளையல்மேல் நான் போட்ட துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை அறுத்துடுவாங்களேன்னு இருந்துச்சு எனக்கு. உள்ள போனா நீ திரும்பி வருவியோ மாட்டியோன்னு. தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்கல. உருண்டையில கரைஞ்சுட்டா யாரும் உன்மேல கத்தி வைக்க வேணாமேன்னுதான்...”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை நாளும் அந்த மனிதரைக் கல்நெஞ்சுக்காரர் என்று திட்டியவள் நான்.

தீதி சிரிப்பதை நிறுத்தினாள்.

“பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். நடுவுல கத்தரிக்காய எதுக்குங்க இழுத்தீங்க?”

“சொல்லத் தெரியல பிரபா,” என்றார் ரமாரஞ்சன் சர்க்கேல். அவள் தன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.